வெள்ளிக்கிழமை ஊறிய கிணறு

கல்யாணம் ஆகி வருகிற பெண்கள் மாமியாரோடு சண்டை போடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் வருவதற்கு முன்பே அந்த அம்மா மவுத்தாகிவிட்டது. நான் சண்டை போட்டதெல்லாம் ஒரு இஞ்சினோடுதான். வயது ஆக ஆகக் கோபம் ஆறிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

எங்கள் தோட்டம் பொட்டிப்புரம் போகும் வண்டிப்பாதையில், மலை அடிவாரத்துச் செம்மண் மேட்டில் இருந்தது. லோயர் கேம்ப் வழியாக இறங்கி வரும் பெரியாற்றுத் தண்ணீர் கம்பத்துக்காரர்களுக்கும் பாளையத்துக்காரர்களுக்கும் நெல்லாய் விளைந்தது. எங்கள் மேட்டுக்கு அதில் ஒரு சொட்டு ஏறாது. கிணறுதான் கதி. மாட்டைப் பூட்டிக் கமலை இறைத்து, ஒரு வெங்காயப் பாத்தி, ஒரு மிளகாய்ப் பாத்தி என்று அளவாகப் பயிர் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். அவர்கள் இந்துக்கள், பல தலைமுறையாக அந்த மண்ணையே உழுதுகொண்டு கிடக்கிற சம்சாரிகள். அந்தத் தோட்டக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் அவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மனைவியும் நானும் ஒருவருக்கொருவர் மதினி. குழம்பும் கருவேப்பிலையும் வேலி தாண்டிப் போகும், வரும். அவர்கள் வீட்டில் கறி சமைத்தால், அது ஓதி அறுத்ததில்லை என்பதால் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்பது தெரியும். அதற்காகவே அன்றைக்குத் தனியாகக் கத்தரிக்காய் வதக்கி எனக்கு அனுப்புவாள் மதினி.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைத் திட்டப்போகிறேன் என்பதால். ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்று தவறாது. ஹலாலா ஹராமா என்று ஒவ்வொன்றுக்கும் பத்து தடவை யோசிப்பார். சந்தையில் தராசு முள் அரை மயிரிழை நம் பக்கம் சாய்ந்தாலும் மனிதருக்குத் தூக்கம் வராது. பேணுதல் பேணுதல் என்று அவர் பண்ணுகிற கூத்தில் எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும். அப்படிப்பட்டவர்தான் இஞ்சின் மேல் ஆசைப்பட்டார்.

போடி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் அங்கே எண்ணெய் இஞ்சின் ஒன்று தண்ணீரை மேலே தூக்கி அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் பழைய இஞ்சினை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வாங்கியே தீர்வது என்று நின்றார். நம் பழைய கிணறு ஆழம் பற்றாது, வேலிக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறது, புதிதாகப் பெரிய கிணறு ஒன்று வெட்ட வேண்டும் என்றார். அப்போதுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. பக்கத்துக்காரர் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் தள்ளி வெட்டினால் ஆகும்?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அப்போதிருந்த ஹஜ்ரத் வடக்கே போய்ப் பல வருஷம் ஓதி வந்தவர். உயரமான ஆள், எப்போதும் ஒரு இருமல், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். இவர் போய்க் கேட்டதும் அவர் பெரிய கிதாபை எடுத்துப் பார்த்துப் பதில் சொன்னாராம். ஒரு கிணற்றைச் சுற்றி அதற்கென்று ஒரு காவல் எல்லை உண்டு, அதற்கு ஹரீம் என்று பெயர். அந்த எல்லைக்குள் இன்னொருவர் கிணறு வெட்டி அதன் தண்ணீரை இழுக்கக் கூடாது. நாற்பது முழம் என்று ஒரு அளவு, அறுபது முழம் என்று ஒரு அளவு. சொந்தப் பட்டா நிலத்தில் எங்கே வெட்டினாலும் சட்டம் தடுக்காது. ஆனாலும் பேணுதலுக்கு இந்த அளவை விட்டு வெட்டுங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது. இவர் வீட்டுக்கு வரும்போதே முகத்தில் வெளிச்சம்.

பெரிய அளவையே எடுத்துக்கொண்டு, அதற்கு மேலும் ஒரு கயிற்று நீளம் தள்ளி இடம் குறித்தார். அளந்த அன்றைக்கு நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கமலைக் கயிறு. ஒரு முனையை இவர் பிடித்தார். மறுமுனையைத் தன் கிணற்று மேட்டில் நின்று பிடித்தது பக்கத்துத் தோட்டத்து அண்ணன். இதெல்லாம் எதற்கு மச்சான் என்று அவர் கேட்டதற்கு, இவர் கிதாபில் இருப்பதைச் சொன்னார். அண்ணனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"ஒங்க வேதத்துல எங்க கெணத்துக்கும் காவல் போட்டிருக்காகளா மச்சான்?"

"கெணறு யாரோடதா இருந்தா என்ன, தண்ணிக்கு ஒரே சட்டந்தான்" என்றார் இவர்.

அண்ணன் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே மதினியைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். பிறகு சந்தையில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் கிணற்றை ராவுத்தர் வீட்டு வேதமே காவல் காக்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமைதான் அவரைக் கொண்டுபோனது.

இஞ்சின் இரண்டு வண்டியில் பிரித்து ஏற்றப்பட்டு மலையிலிருந்து இறங்கி வந்தது. புதுக் கிணற்று விளிம்பில் கொட்டகை போட்டு உட்கார வைத்தார்கள். ஹஜ்ரத் வந்து துஆ ஓதினார். இவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஒரு கனைப்பு, ஒரு புகை, அப்புறம் டுப் டுப் டுப் என்று பிடித்துக்கொண்டது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு தண்ணீர் பாருங்கள், ஆள் தொடை கனத்துக்குக் கொட்டியது. வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காலடியில் தரை அதிர்ந்தது பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் பக்கத்துக் கிணற்றுச் சுவர்ப் பொந்தில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பி வெளியே வந்தன. சத்தத்துக்குப் பயந்துவிட்டன என்று அண்ணன் சிரித்தார். அவை திரும்பி வரவில்லை.

தண்ணீர் வந்ததும் இவருக்கு ஆசை பெருகியது. வெங்காயமும் மிளகாயும் போய், செம்மண் மேடு முழுக்க வாழை வைத்தார். வாழைக்கு எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். இரவும் பகலும் இஞ்சின் ஓடியது. வியாழக்கிழமை மஃரிப் ஆனால் மட்டும் நிறுத்திவிடுவார். பொழுது சாய்ந்தால் வெள்ளி பிறந்துவிட்டது, ஜும்ஆ நாளில் இது ஓடக் கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம். சனிக்கிழமை விடிந்துதான் மறுபடி சக்கரத்தைச் சுற்றுவார். அந்த ஒரு நாள் எனக்குக் காது குளிரும்.

அந்த வருஷம் கோடை முன்கூட்டியே வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கமலைச் சால் தரையில் உரசும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் சால் தண்ணீரில் விழும்போது தொப்பென்று ஒரு சத்தம் வரும். இப்போது இரும்பு கல்லில் தேய்கிற சத்தம். பல் கூசும். மதினி கிணற்றுக்குள் காட்டினாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து கண்ணால் பார்க்காத படிகள் எல்லாம் வெளியே தெரிந்தன, பச்சைப் பாசி காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. இஞ்சினால்தானோ என்று அன்றைக்கே இவரிடம் கேட்டேன். இவர் முகம் சுருங்கிவிட்டது. அளந்துதானே வெட்டினோம், மழை இல்லாததற்கு இஞ்சின் என்ன பண்ணும் என்றார். சரி, அண்ணனாவது சந்தேகப்படுவார் என்று பார்த்தால், அவர் இவரைவிட ஒரு படி மேலே. வேதத்தை வைத்து அளந்த அளவு, அதில் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று மதினியிடம் அதட்டியிருக்கிறார். இரண்டு ஆண்களும் அந்த முழக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே தவிர, குனிந்து தண்ணீரைப் பார்க்கவில்லை.

அப்புறம் அண்ணன் ஒன்றைக் கண்டுபிடித்தார். வாரம் முழுக்க வறண்டு கிடக்கிற கிணற்றில் வெள்ளிக்கிழமை விடியும்போது தண்ணீர் இருக்கிறது. பகல் முழுக்க ஊறுகிறது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வடிந்துவிடுகிறது. ஒரு வாரம் பார்த்தார், மறுவாரம் பார்த்தார், தப்பவில்லை. வேலி ஓரம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பயபக்தியோடு இவரிடம் சொன்னார்.

"மச்சான், ஒங்க தொழுகை நாள்ல எங்க கெணத்துல தண்ணி ஊறுது."

அவர் சொன்னதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. மனசார நம்பினார். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இந்துத் தாய்மார்கள் பள்ளிவாசல் வாசலில் தண்ணீர்ச் செம்போடு நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் அதில் ஓதி ஊதுவார்கள். அந்த நம்பிக்கையில் வளர்ந்த மனிதர். பள்ளிவாசலில் இவ்வளவு பேர் குனிந்து எழுகிறபோது பூமிக்கு ஈரம் வராமலா போகும் என்றார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அந்த நேரத்தில் உடம்பு சிலிர்த்தது, யாருக்குத்தான் சிலிர்க்காது? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையில் அண்ணன் செருப்போடு கிணற்று மேட்டில் ஏற மாட்டார். மதினி அந்தக் கிணற்றடியை மெழுகிவைப்பாள். கிணற்று அடியில் தண்ணீர் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காட்டுகிறது, நாம்தான் இன்னும் ஆழம் போக வேண்டும் என்று அண்ணன் முடிவு பண்ணி, பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்த ஆரம்பித்தார். கிணறு வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். பகலில் எங்கள் பக்கம் டுப் டுப், அவர்கள் பக்கம் அவ்வப்போது டமார். என் அடுப்படியில் பாத்திரம் ஒன்றோடொன்று மோதும். இது நல்லதுக்கில்லை, இது நல்லதுக்கில்லை என்று நான் புலம்பிக்கொண்டே சோறு வடிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் ஒரு துண்டில் நாட்டுச் சர்க்கரையைக் கட்டி எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். ஜும்ஆ முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஹஜ்ரத் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊறுகிற அதிசயத்தைச் சொல்லியிருக்கிறார். ஹஜ்ரத் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திறந்துவிட்டாராம். சர்க்கரையை யாருக்கும் பங்கு வைக்கவில்லை. அப்படியே தன் அறையில் வைத்தார்.

மறுநாள் மத்தியானம், உச்சி வெயிலில், அந்த இருமல்கார மனிதர் ஊரிலிருந்து நடந்தே தோட்டத்துக்கு வந்தார். வண்டி அனுப்பச் சொன்னால் அனுப்பியிருக்க மாட்டோமா! நான் பதறிப்போய் மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை. இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். இவர் நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் வேலிக்கு அந்தப் பக்கம் உளி பாறையில் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"நீங்க தூரத்தக் கேட்டீக, நான் தூரத்தச் சொல்லிட்டேன். ஆளு எறைக்கிற கெணத்துக்கு ஒரு அளவு, ஒட்டகம் எறைக்கிற கெணத்துக்கு அதவிடப் பெரிய அளவுன்னு கிதாபுலயே இருக்கு. இழுக்குறது பெருசானா எல்லையும் பெருசாகுது. இது எத்தன ஒட்டகம்? எத்தன முழம்? எனக்குத் தெரியல. தெரியிற வரைக்கும் இத ஓட்டாதீக."

ஹஜ்ரத் மேலும் சொன்னார்: வெள்ளிக்கிழமை அங்கே தண்ணீர் ஊறுவது தொழுகையின் பரக்கத்து இல்லை, அன்றைக்கு உங்கள் இஞ்சின் நிற்கிறது. அந்த மனிதர் அது தெரியாமல் பாறையை உடைத்துக்கொண்டிருக்கிறார். நானே சொல்லியிருப்பேன், ஆனால் அவரோடு கயிறு பிடித்தது நீங்கள், உங்கள் வாயால் சொல்வதுதான் முறை. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இவர் சரி என்றார். தலையை ஆட்டினார். ஹஜ்ரத் போனார். அப்புறம் இவர் வாழையைப் பார்த்தார்.

வாழை அப்போதுதான் குலை தள்ள ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் மேடு முழுக்கச் செத்துப்போகும். இந்தப் பயிர் மட்டும், குலை கொஞ்சம் தேறட்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிரை என்னமோ பண்ணுங்கள், முதலில் போய் அந்த மனிதரிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்லாமல் விடப்போவதில்லை என்றார். ஆனால் சொன்னால் உடனே நிறுத்த வேண்டுமே, சொல்லிவிட்டு எப்படி ஓட்டுவது? வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹஜ்ரத்தையும் கூட்டிக்கொண்டு போய் முறையாகச் சொல்கிறேன், அதற்குள் ஒரு சுற்றுத் தண்ணீர் பாய்ந்துவிடும் என்றார். அப்படியானால் நானே வேலியைத் தாண்டிப் போகிறேன் என்று கிளம்பினேன். கதவை மறித்து நின்றார்.

"அளந்தது நான். சொல்றதும் நாந்தான் சொல்லணும். அந்த ஒரு மானத்தையாவது எனக்கு விடு."

தராசு முள்ளுக்குத் தூக்கம் கெடுகிற மனிதர் சொன்ன பேச்சு இது. அந்த வாரம் முழுக்க நான் அவருக்குச் சோறு போட்டேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலி ஓரம் மதினி கூப்பிடும்போதெல்லாம் சொல்லிவிடுவேனோ என்று, அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விடுவேன். இஞ்சின் இன்னும் அதிகமாக ஓடியது. வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று இவருக்கு அவசரம். பக்கத்துக் கிணறு அடி வரைக்கும் காய்ந்துபோனது.

வியாழக்கிழமை மஃரிபுக்கு வழக்கம்போல இஞ்சின் நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் இவர் குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் பூசிக்கொண்டு வண்டியில் ஊருக்குப் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, வரும்போது ஹஜ்ரத்தோடு வருகிறேன், காபி போட்டு வை என்றார்.

அண்ணன் அன்றைக்கு வெடி வைக்க நாள் பார்த்திருந்தார். வியாழக்கிழமையே பாறையில் துளை போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று காலையில் ஊறியிருந்த கொஞ்சத் தண்ணீரை இறைத்துவிட்டு, துளைகளில் மருந்தைத் திணித்துத் திரி வைத்தார்கள். இஞ்சின் நின்ற நேரத்திலிருந்து பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. திரி நமுத்துவிட்டது. கொளுத்திவிட்டு மேலே ஏறியதும் ஒரு வெடி வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை. வெட்டுகிற ஆட்கள் இறங்க மாட்டோம், நமுத்த திரி உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும், நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சிரித்தாராம். ஊரில் தொழுகை நடக்கிற நேரம், இந்தக் கிணற்றில் இன்றைக்குக் கெட்டது நடக்காது என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி மேட்டில் வைத்துவிட்டு இறங்கினார்.

நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் வழக்கமான சத்தம்தான். பாத்திரம் வழக்கம்போல மோதியது. அப்புறம் மதினியின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் எழுத மாட்டேன். தலையில் முக்காடு கூட இல்லாமல் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன், கை முழுக்கக் கிளுவை முள் கிழித்தது. கிணற்று மேட்டில் அந்தச் செருப்பு இரண்டும் ஒழுங்காக ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. கீழே புகை. புகை கலைந்ததும் கலங்கிய தண்ணீர் தெரிந்தது, அது ஏறிக்கொண்டே இருந்தது.

இவரும் ஹஜ்ரத்தும் வண்டியில் வந்து இறங்கும்போது அண்ணனை மேலே தூக்கிக் கிடத்தியிருந்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்ல ஆள் இல்லை. இவர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் முன்சீப் வந்து எழுதினார், வெடி விபத்து என்று எழுதினார். அதுதானே நடந்தது. ஜமாஅத்துப் பெரியவர்களும் வந்து இவருக்கு ஆறுதல் சொன்னார்கள். உன் நிலம், உன் கிணறு, அளவுக்கு மேல் தள்ளித்தான் வெட்டினாய், உன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்கள். இவர் ஹஜ்ரத்தைப் பார்த்து, உயிருக்கு ஈடு என்று நான் ஏதும் கொடுக்க வேண்டுமா, கிதாபைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஹஜ்ரத் பார்த்தார். மூன்று கிதாபு எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார், உங்கள் மேல் கடமை என்று எதிலும் இல்லை. அதைச் சொல்லும்போது அவருக்கு இருமல் வந்துவிட்டது, நிற்கவே இல்லை. ஏதாவது ஒரு கடமை இருந்திருந்தால் அதைக் கொடுத்தாவது என் வீட்டுக்காரர் மனசு தேறியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இஞ்சினை நிறுத்தியவர் தொடவே இல்லை. வாழை ஒவ்வொன்றாக இலை தொங்கிக் கருகியது. ஏறிட்டுப் பார்க்கவில்லை. இறைக்காததால் புதுக் கிணற்றில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. மனிதர் அதில் கால் நனைக்க மாட்டேன் என்றார். தொழுகை நேரம் வந்தால் கிணற்றோரம் வெறும் மண்ணில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் தட்டி, முகத்தில் தடவி, கையில் தடவிக்கொள்வார். தண்ணீர் கிடைக்காத இடத்தில், தொழுமுன் கை கால் முகம் கழுவுகிற ஒளுவுக்குப் பதிலாகச் செய்கிற தயம்மும் அது. பாலைவனத்தில் செய்வதை நிறைந்த கிணற்றோரத்தில் உட்கார்ந்து செய்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு கொண்டுபோய் அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். யாருக்கு இந்த வேஷம், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு மண்ணைப் பூச வேண்டியதில்லை என்று கத்தினேன். அவர் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி மண்ணில் கையைத் தட்டினார்.

ஹஜ்ரத்தைக் கூட்டி வந்தேன். அவராவது புத்தி சொல்லட்டும் என்று. தண்ணீர் இருக்கும்போது தயம்மும் செல்லாது என்று அவர் சொன்னார். அதற்கு இவர் அந்தக் கிணற்றைக் காட்டி, அது என் தண்ணீர் இல்லையே ஹஜ்ரத் என்றார். தண்ணீர் அடுத்தவன் உடைமை என்றால், பக்கத்திலேயே கிடந்தாலும் அது இல்லாத கணக்குத்தான் என்று கிதாபிலேயே இருக்கிறதாம். ஹஜ்ரத் கிளம்பிவிட்டார். அந்தச் சர்க்கரை மூட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டே போனார்.

மதினி எங்கள் பக்கம் வரவே இல்லை. வேலியில் நான் பிய்த்த இடம் அப்படியே திறந்து கிடந்தது. நான் அனுப்பிய சோறு சில நாள் போகும், சில நாள் திரும்பி வரும். அவளிடம் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று இவர் தினமும் வேலி வரைக்கும் போவார், அந்தச் சந்தில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். மழை ஒரு பொட்டு இல்லை. வெயில் கொளுத்தியது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவளே அந்தச் சந்து வழியாக வந்தாள். இவர் கிணற்றோரம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை அவள். அழுத முகமாகவும் இல்லை. இவருக்கு எதிரே நின்றாள்.

"அண்ணே, எங்க கெணறு நெறஞ்சு நிக்கிது. இன்னிக்கு வெள்ளிக்கெழம இல்ல. அதுக்கு முன்னாடியும் தெனம் பாத்தேன். எல்லாக் கெழமையும் ஊறுது."

இவர் தலை நிமிரவில்லை. எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்குச் சொல்ல இனி என்ன இருக்கிறது?

"இப்ப எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீக? அங்கன எந்திரிச்சதும் அந்தத் தண்ணி மூஞ்சியிலதான் முழிக்கேன். என்னால முடியல. இஞ்சின ஓட்டுங்க."

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் எதற்கும் தீர்ப்புக் கேட்டதில்லை. கிதாபு இருந்தது, ஹஜ்ரத் இருந்தார். அன்றைக்குக் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழுந்து கொட்டகைக்குள் போனார். கை வழுக்கியது, சக்கரம் திரும்பத் திரும்ப நின்றது. கடைசியில் பிடித்துக்கொண்டது. கருகிய வாழைக்கு நடுவில் அந்தத் தண்ணீர் யாருக்கும் இல்லாமல் ஓடி, வண்டிப்பாதையில் விழுந்து, சகதியாகக் கிடந்தது.

மதினி தன் கிணற்று மேட்டில், அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். நான் வேலிச் சந்தில் நின்றேன், அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை. படி படியாகத் தண்ணீர் இறங்கியது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் எண்ணெய் தீர்ந்து இஞ்சின் தானாகத் திணறி நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. அடியில் வெடி வைத்த பள்ளம் காய்ந்து தெரிந்தது. அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போனாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தண்ணீர் அந்தப் பள்ளத்தை மூடியிருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.